இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் கார்

ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி மலை ஏறுவதற்குத் தொடக்கத்திலேயே பழகிவிட்டது. மலை இறங்கப் பழகுவதற்கு அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஏற்றத்தில் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார். அந்த அழுத்தத்தை உணர்ந்து பெட்டி கீழ்க் கியருக்கு மாறி இழுவையைக் கூட்டுகிறது. இறக்கத்தில் அவர் காலை எடுத்துவிடுகிறார். சமதளத்தில் நிதானமாக ஓடும் காரிலும் ஆக்சிலரேட்டர் ஏறத்தாழ இப்படித்தான் தளர்ந்திருக்கும். பெட்டிக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிவதால் அது மேல் கியருக்குப் போய்விடுகிறது. இன்ஜினின் பிடி தளர்கிறது, கார் வேகமெடுக்கிறது, சுமை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. 1939-இல் அமெரிக்காவில் பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் பெட்டியிலேயே இந்தக் குறை இருந்தது. அதைத் தீர்க்க எடுத்த முயற்சிகளின் தடயங்கள்தான் கியர் லிவரில் 'டி' என்ற எழுத்துக்குக் கீழே நிற்கும் மற்ற எழுத்துகளும் எண்களும்.

மலை இறங்கும் கார் எவ்வளவு ஆற்றலைக் கழிக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்தால் சிக்கலின் கனம் விளங்கும். 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 1.5 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போய்ச் சேர வேண்டும். 30 டிகிரி சூட்டிலுள்ள 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றின் தடையும் டயர்களின் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். வேகம் குறைவாக உள்ள மலைப்பாதையில் அந்தப் பங்கு சிறியது. நூறு மீட்டருக்கு 8 மீட்டர் இறங்கும் சாலையில், மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வேகம் ஏறாமல் காக்க, இவை போக இன்னும் 12 கிலோவாட் அளவுக்கு எதிர்ப்பு தேவைப்படுகிறது. அதைத் தரக்கூடியவை இரண்டே: பிரேக், இன்ஜின்.

பிரேக் அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றித் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. பழைய கார்களின் டிரம் பிரேக்கில் இது பெரிய தொல்லை. சூடேறிய டிரம் விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் ஷூவை விட்டு விலகும். ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையும் பிடிமானத்தை இழக்கும். எண்ணெயால் இயங்கும் பிரேக்கில் அந்த எண்ணெய் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை இறங்கிவிடும், கார் நிற்காது. இன்ஜினுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆக்சிலரேட்டரை விட்டதும் பெட்ரோல் இன்ஜினுக்குள் காற்று போகும் வழி ஏறத்தாழ அடைபடுகிறது. சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றும்போது பிஸ்டன்கள் அடைபட்ட வழியிலிருந்து காற்றை இழுக்கத் திணறுகின்றன. உள்ளுறுப்புகளின் உராய்வும் சேர்ந்துகொள்கிறது. அந்த எதிர்ப்பு சக்கரங்களுக்குத் திரும்பி வந்து காரைப் பிடித்து வைக்கிறது. வெப்பம் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறிவிடும். கியர் எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவு வேகமாக இன்ஜின் சுழலும், பிடிப்பும் அந்த அளவுக்குக் கூடும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் விதியின் அடிப்படை இதுதான்.

இன்ஜினின் இந்தப் பிடிப்பு எவ்வளவு அவசியம் என்பதை மோட்டார் தொழில் ஆட்டோமேட்டிக் பெட்டி வருவதற்கு முன்பே ஒருமுறை அனுபவித்துக் கற்றது. 1930-இல் அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் 'ஃப்ரீவீல்' என்ற அமைப்பைத் தன் கார்களில் கொண்டுவந்தது. இன்ஜின் சக்கரங்களைத் தள்ளும்போது பற்றிக்கொண்டு, சக்கரங்கள் இன்ஜினைத் தள்ளும்போது விட்டுவிடும் ஒருவழிக் கிளட்ச் அது. காலை எடுத்தால் கார் தானாக உருளும், இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். கிளட்சை மிதிக்காமலே கியரை மாற்றலாம், பெட்ரோலும் மிச்சம். கியர் பற்கள் உராய்ந்து அலறுவது அன்றாடத் தொல்லையாக இருந்த காலம் என்பதால் அந்த வசதி பெரிதாகத் தோன்றியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பல நிறுவனங்கள் அதைப் பின்பற்றின. ஆனால் அன்றைய கார்களின் பிரேக்குகள் பெரும்பாலும் கம்பிகளாலும் கேபிள்களாலும் இழுக்கப்பட்டவை. மலைச்சரிவில் இன்ஜினின் உதவியும் அற்றுப்போனதும் அவை தாங்கவில்லை. ஃப்ரீவீலைப் பூட்டிவிட ஒரு குமிழ் இருந்தது. இறக்கம் தொடங்கும் முன் அதை நினைத்து இழுத்துவிட வேண்டும். மறந்தவருக்கு நடுச்சரிவில் மாற்றுவழி கிடையாது. ஓட்டுநரின் நினைவாற்றலை நம்பிய பாதுகாப்பு எவ்வளவு பலவீனமானது என்பதற்கு அந்தக் குமிழ் நல்ல சான்று. சில ஆண்டுகளிலேயே ஃப்ரீவீலின் மவுசு குறைந்தது. அமெரிக்க மாநிலங்களுக்கு முன்மாதிரியாக எழுதப்பட்ட போக்குவரத்துச் சட்டத்தொகுப்பில், இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு உருளக் கூடாது என்று தனி விதியே உண்டு.

ஐரோப்பாவில் ஃப்ரீவீல் நெடுங்காலம் நீடித்தது. பிரிட்டனின் ரோவர் அதை 1950-கள் வரை வைத்திருந்தது. ஸ்வீடனின் சாப் நிறுவனத்துக்கு அது தவிர்க்க முடியாததாகவே இருந்தது. அதன் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலில் கலந்த எண்ணெய்தான் மசகு. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடியபடி சக்கரங்கள் இன்ஜினை வேகமாகச் சுழற்றினால் பெட்ரோல் உள்ளே போகாது, எண்ணெயும் போகாது, பிஸ்டன் காய்ந்து இறுகிவிடும். இன்ஜினைக் காக்க அதைச் சக்கரங்களிலிருந்து பிரித்துவிட வேண்டியிருந்தது.

லாரிகளின் கதையும் 1930-களின் தொடக்கத்தில் திரும்பியது. டீசல் இன்ஜின் தயாரிப்பாளரான கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931-இல் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தன் இன்ஜின் பொருத்திய லாரியில் சென்றார். கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக்குகள் செயலிழந்தன. கீழே ரயில்பாதையைக் கடந்துகொண்டிருந்த சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி விலகிய நொடியில் லாரி மறுபக்கம் பாய்ந்தது. டீசல் இன்ஜினில் காற்றுவழியை அடைக்கும் தட்டு கிடையாது என்பதால் அதன் இயல்பான பிடிப்பு குறைவு. அந்தக் குறையை நீக்க, அழுத்திய காற்றை உச்சத்தில் வெளியேற்றிவிடும் பிரேக் ஒன்றை அவர் பின்னாளில் வடிவமைத்தார். ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961 முதல் அதைத் தயாரித்தது. அமெரிக்க மலைச்சாலைகளில் லாரிகள் எழுப்பும் படபடவென்ற முழக்கம் அந்த பிரேக்குடையதுதான்.

ஆட்டோமேட்டிக் பெட்டியின் கரு கப்பல் தளத்தில் பிறந்தது. ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில் வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றிய ஹெர்மன் ஃபெட்டிங்கர், வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுழலும் ப்ரொப்பெல்லரோடு திரவத்தின் மூலம் இணைக்கும் முறைக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். இன்ஜின் பக்கமுள்ள சக்கரம் திரவத்தை வீசும்; எதிரே உள்ள சக்கரம் அந்த வேகத்தை வாங்கிச் சுழலும். இந்த இரண்டு மட்டும் இருந்தால் திரவ இணைப்பி. திரும்பும் திரவத்தைத் திசைமாற்றி மீண்டும் உதவ வைக்கும் மூன்றாவது சக்கரம் இடையில் சேர்ந்தால் முறுக்குவிசையைப் பெருக்கித் தரும் டார்க் கன்வெர்ட்டர். பிரிட்டனின் டெய்ம்லர் 1930-இல் திரவ இணைப்பியைக் கார்களில் பொருத்தியது. பின்னர் பேருந்துகளிலும் அது பரவியது. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே இரும்புத் தொடர்பு கிடையாது என்பதால் எப்போதும் கொஞ்சம் வழுக்கல் இருக்கும். டார்க் கன்வெர்ட்டரின் இதழ்களோ இன்ஜினிலிருந்து சக்கரங்களை நோக்கி விசை போகும் திசைக்காக வளைக்கப்பட்டவை. இறக்கத்தில் விசை எதிர்த்திசையில் வரும்போது வழுக்கல் மிகும், இன்ஜினின் பிடிப்பில் ஒரு பகுதி திரவத்திலேயே கரைந்துபோகும்.

ஜெனரல் மோட்டார்ஸில் எர்ல் தாம்சன் தலைமையிலான குழு திரவ இணைப்பியோடு கியர்களைச் சேர்த்துத் தானாக மாறும் பெட்டியை உருவாக்கியது. கியர்களை அலறாமல் இணைக்கும் சின்க்ரோமெஷ் அமைப்பை வடிவமைத்தவரும் அவரே. 1928-இல் காடிலாக் கார்களில் அது வந்திருந்தது. 1937-இல் ஓல்ட்ஸ்மொபைலில் கிளட்ச் பெடலோடு கூடிய அரைத் தானியங்கிப் பெட்டி வெளியானது. 1940-ஆம் ஆண்டு மாடலாக 1939-இன் இறுதியில் ஹைட்ராமேட்டிக் வந்தது. கிளட்ச் பெடல் இல்லை, முன்னோக்கி நான்கு கியர்கள், கூடுதல் விலை 57 டாலர். இரண்டாம் உலகப் போரில் எம்5 ஸ்டூவர்ட் டாங்கியில் இரண்டு காடிலாக் இன்ஜின்களோடு இரண்டு ஹைட்ராமேட்டிக் பெட்டிகள் ஓடின.

அதன் மூளை இரண்டு எண்ணெய் அழுத்தங்கள். கார் வேகமெடுக்க எடுக்க, சுழலும் எடைகளைக் கொண்ட கவர்னர் ஓர் அழுத்தத்தைக் கூட்டும். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த இன்னொரு அழுத்தம் கூடும். ஒரு வால்வின் இரு முனைகளில் இவை எதிரெதிராகத் தள்ளுகின்றன. வேகத்தின் அழுத்தம் வென்றால் மேல் கியர், ஆக்சிலரேட்டரின் அழுத்தம் வென்றால் கீழ்க் கியர். எந்த மின்னணுவும் இல்லாமல் வெறும் எண்ணெயும் வில்சுருளும் கொண்டு இவ்வளவைச் சாதித்தது அந்தக் காலத்துப் பொறியியலின் மகத்தான வேலை. ஆனால் அந்த வால்வுக்குச் சாலையின் சாய்வு தெரியாது. இன்ஜினின் சுமையை அது பெடலின் வழியாக மட்டுமே அறிந்தது. இறக்கத்தில் பெடல் விடுபட்டு, வேகமும் ஏறியதும், இரண்டு காரணங்களும் சேர்ந்து வால்வை ஒரே பக்கம் தள்ளின: நான்காவது கியர்.

அதற்கு மாற்றாக லிவரில் 'லோ' என்ற நிலை இருந்தது. அதில் வைத்தால் பெட்டி முதல் இரண்டு கியர்களைத் தாண்டாது. நான்காவது கியருக்கும் இரண்டாவதுக்கும் இடையே பெரிய இடைவெளி. மிதமான இறக்கங்களுக்கு ஒன்று போதவில்லை, மற்றது அதிகம். 1952-இல் வந்த 'டூயல் ரேஞ்ச்' ஹைட்ராமேட்டிக் இதற்குத் தீர்வு கண்டது. 'டிரைவ்' நிலையே இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் நான்கு கியரும் உண்டு. மற்றதில் மூன்றாவதோடு நிற்கும். மலைச்சாலைக்கும் நகர நெரிசலுக்கும் இரண்டாவது நிலை. ஹைட்ராமேட்டிக்கின் மேல் கியர்களில் விசையின் ஒரு பகுதி திரவத்தைச் சுற்றிக்கொண்டு நேராக இரும்பு வழியே போனதால், மூன்றாவதில் அதன் பிடிப்பு உறுதியாகவே இருந்தது. அக்காலத்து ஆட்டோமேட்டிக்குகளில் மலை இறங்கத் தகுந்தது இதுதான் என்று சொல்லலாம்.

ப்யூக்கின் டைனாஃப்ளோ வேறு வழியில் போனது. 1948-இல் வந்த அந்தப் பெட்டி 'டிரைவ்' நிலையில் கியரே மாற்றாது. பெருக்கும் வேலை முழுவதையும் டார்க் கன்வெர்ட்டரே செய்தது. கியர் மாறும் அதிர்வு துளியும் இல்லாத அந்த வழவழப்பு வாங்குவோரை மயக்கியது. ஷெவ்ரோலே 1950-இல் கொண்டுவந்த பவர்கிளைடும் முதல் சில ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. ஏறத்தாழ இரண்டு டன் எடை, டிரம் பிரேக்குகள், எல்லா நேரமும் மேல் கியர், வழுக்கும் கன்வெர்ட்டர் ஆகிய நான்கும் ஒரே காரில் சேர்ந்தால் மலைச்சரிவில் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கையால் 'எல்' நிலைக்கு மாற்றுவது ஒன்றே வழி. கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைச்சாலையில் கீழ்க் கியரில் இறங்கும்படி பலகைகள் நிற்கின்றன. 14,115 அடி உயர உச்சியிலிருந்து இறங்கும் கார்களைப் பாதிவழியில் கிளென் கோவ் என்ற இடத்தில் நிறுத்தி பிரேக்கின் சூட்டை அளக்கிறார்கள். அளவு மீறியிருந்தால் ஆறும்வரை போக விடுவதில்லை. 1950-களின் கார்களைவிடப் பல மடங்கு நல்ல பிரேக் உள்ள இன்றைய கார்களுக்கும் அந்தச் சோதனை தொடர்கிறது.

1950-களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் இறக்கத்துக்கென்றே தனி நிலை ஒன்றைச் செய்து பார்த்தது. 1957-இல் ஷெவ்ரோலேயின் டர்போகிளைடு, 1958-இல் ப்யூக்கின் மூன்று டர்பைன் கொண்ட ஃபிளைட் பிட்ச் டைனாஃப்ளோ ஆகிய இரண்டிலும் வழக்கமான 'லோ' இல்லை. அதன் இடத்தில் 'கிரேடு ரிடார்டர்' நின்றது. சரிவில் வேகத்தைத் தணிப்பது மட்டுமே அதன் வேலை. லிவரை அங்கே வைத்தால் பெட்டிக்குள் டர்பைன்கள் எண்ணெயை மத்துப்போல் கடையத் தொடங்கும். காரின் ஆற்றல் எண்ணெயின் சூடாக மாறும், இன்ஜினின் சொந்தப் பிடிப்பும் உடன் சேரும். மலை இறங்குவதைத் தனிச் சிக்கலாக ஏற்று, அதற்கு லிவரில் தனி இடம் கொடுத்த அந்தச் சிந்தனை காலத்துக்கு முந்தியது. இன்றைய கார்களில் காணும் பலவற்றுக்கு அதுவே முன்னோடி. பெட்டிகளோ சிக்கலானவை, விலை கூடியவை, அடிக்கடி பழுதானவை. ப்யூக்கின் பெட்டி இரண்டு ஆண்டுகளோடும் டர்போகிளைடு 1961-ஓடும் நின்றன. நல்ல யோசனையைத் தாங்கிவந்த இயந்திரம் மோசமாக இருந்ததால் யோசனையும் அதோடு புதைந்தது.

வென்றது கிரைஸ்லரின் டார்க்ஃப்ளைட். 1956-இல் வந்த இந்த மூன்று கியர் பெட்டி எளிமையானது, உறுதியானது. பின்னாளில் உலகெங்கும் பரவிய அமைப்புக்கு வழிகாட்டியது. லிவருக்குப் பதில் முதல் சில ஆண்டுகள் பொத்தான்கள் இருந்தன. அவற்றில் '2', '1' என இரண்டு பொத்தான்கள் கீழ்க் கியர்களுக்கு. அதன் உள்ளமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. கியர் மாறும்போது அதிர்வு வராமல் இருக்க, 'டிரைவ்' நிலையின் முதல் கியர் ஒருவழிக் கிளட்சின் மேல் நிற்கிறது. இன்ஜின் தள்ளும்போது அது பிடிக்கும். கார் இன்ஜினைத் தள்ளும்போது விட்டுவிடும். 1930-களில் ஆபத்தென்று கைவிடப்பட்ட ஃப்ரீவீல், பெட்டிக்குள் இப்படி மறுபிறவி எடுத்தது. 'டி'-யில் வைத்து மிக மெதுவாக ஒரு வளைவில் இறங்கும் கார் முதல் கியருக்கு வந்துவிட்டால் இன்ஜினின் பிடிப்பு முற்றிலும் போய்விடும். '1' பொத்தானை அழுத்தினால்தான் ஒரு பட்டை இறுகி அந்தக் கிளட்சின் வழுக்கலை அடைக்கும், இன்ஜின் காரைப் பிடிக்கும். ஒரே கியர், இரண்டு விதமான நடத்தை. இதைப் பெரும்பாலான ஓட்டுநர்கள் அறிந்ததில்லை. பிற்காலத்துப் பெட்டிகள் பலவும் இதே வழியைப் பின்பற்றின.

கீழ்க் கியருக்கு மாற்றுவதிலேயே இன்னோர் ஆபத்தும் இருந்தது. பவர்கிளைடு போன்ற பெட்டிகளில் நிலைகளின் வரிசை 'பி, என், டி, எல், ஆர்'. முன்னோக்கிய 'எல்'-லும் பின்னோக்கிய 'ஆர்'-உம் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. சரிவில் அவசரமாக 'எல்'-லுக்கு இழுப்பவர் ஒரு படி தவறினால் ரிவர்ஸ். பவர்கிளைடின் வரிசை 1950-களின் இறுதியில் திருத்தப்பட்டது. காடிலாக், போன்டியாக் கார்களின் ஹைட்ராமேட்டிக்கில் 'ஆர்' கடைசியில் நிற்பது 1960-களிலும் தொடர்ந்தது. ரால்ஃப் நேடர் 1965-இல் வெளியிட்ட, மோட்டார் பாதுகாப்பைப் பற்றிய நூலில் இந்த வரிசையைக் கடுமையாகச் சாடினார். அரசுக் கொள்முதலுக்கான கார்களில் ஒரே சீரான வரிசை வேண்டும் என்று அமெரிக்க அரசு கேட்டது. 1966-இல் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரம் எண் 102, முன்னோக்கிய நிலைகளுக்கும் ரிவர்ஸுக்கும் இடையே நியூட்ரல் நின்றே ஆக வேண்டும் என்று கட்டளையிட்டது. இன்று உலகெங்கும் காணும் 'பி, ஆர், என், டி' வரிசைக்குச் சட்ட வலிமை தந்தது அந்தத் தரம்.

அதே தரத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வரி இறக்கத்தைப் பற்றியது. ஒன்றுக்கு மேற்பட்ட முன்னோக்கிய கியர் உள்ள வாகனத்தில், மணிக்கு 25 மைலுக்கு உட்பட்ட வேகத்தில், உச்சக் கியர் தருவதைவிடக் கூடுதலான இன்ஜின் பிடிப்பைத் தரும் ஒரு நிலையாவது லிவரில் இருக்க வேண்டும். 1939-இல் தொடங்கிய குறைக்கு மாற்று தருவது அன்றிலிருந்து தயாரிப்பாளரின் விருப்பமாக இல்லாமல் கடமையானது. டிரம் பிரேக்குகளுக்குப் பதில் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் பரவியதும் இதே காலத்தில்தான். காற்றுபடத் திறந்திருக்கும் டிஸ்க் வெப்பத்தை விரைவாக விடுகிறது, சூட்டில் விரிந்தாலும் பேடை விட்டு விலகுவதில்லை. மலைச்சரிவின் பாதுகாப்பில் அது பெரும் பாய்ச்சல்.

ஆனால் 1960-களின் நடுவில் செய்த ஒரு சிக்கனம் வேறொரு பழக்கத்தை ஆபத்தாக்கியது. பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் போட்டு, சிலர் இன்ஜினையும் அணைத்துவிட்டு உருளுவது கிளட்ச் வண்டிக் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். தொடக்கக் கால ஆட்டோமேட்டிக்குகளில் இரண்டு எண்ணெய்ப் பம்புகள் இருந்தன: முன்னது இன்ஜினால் சுழல்வது, பின்னது சக்கரங்களோடு தொடர்புள்ள தண்டால் சுழல்வது. இன்ஜின் நின்றாலும் கார் உருளும்வரை பின்பம்பு எண்ணெய் தந்துகொண்டிருக்கும். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடிந்தது. பின்பம்பைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கைவிட்ட பிறகு, இன்ஜின் நின்றால் பெட்டிக்குள் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும். சக்கரங்களோடு சேர்ந்து சுழலும் உறுப்புகள் காய்ந்து தேயும். ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுக்கக் கூடாது என்று கையேடுகள் சொல்வதற்கும் இதுவே காரணம். இன்ஜின் நின்ற காரில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடும், ஸ்டீயரிங் கனத்துவிடும். சாவியை முழுவதும் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

மிச்சம் என்ற நம்பிக்கையும் பின்னர் பொய்த்தது. எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாட்டில் பீய்ச்சும் இன்ஜினில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் முற்றிலும் நின்றுவிடும். சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் தானாக ஓட வேண்டியிருப்பதால் பெட்ரோல் செலவாகிக்கொண்டே இருக்கும். செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் பாதுகாப்பையும் குறைக்கிறது, சிக்கனமும் தருவதில்லை.

நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-இல் காட்சிக்கு வைத்த சிறிய காரில் கியர்களே இல்லை. வி வடிவ ரப்பர் பட்டைகள் விரிந்து சுருங்கும் கப்பிகளில் ஏறி இறங்கி விகிதத்தை இடைவிடாமல் மாற்றின. இன்றைய சி.வி.டி. பெட்டிகளின் மூதாதை அது. அதைக் கட்டுப்படுத்தியது வேகத்தோடு இன்ஜினின் உறிஞ்சு வெற்றிடமும். காலை எடுத்தால் வெற்றிடம் கூடும், பெட்டி உச்ச விகிதத்துக்குப் போகும்: ஹைட்ராமேட்டிக் செய்த அதே தவறு, முற்றிலும் வேறான இயந்திரத்தில். மலையே இல்லாத நாட்டில் பிறந்த காரானாலும், ஆல்ப்ஸில் இறங்குபவர்களுக்காக டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் வைக்கப்பட்டது. அதைத் தட்டினால் வெற்றிடம் எதிர்ப்பக்கம் வேலை செய்து விகிதத்தைத் தாழ்த்தும்.

1970-களின் எண்ணெய் நெருக்கடி எரிபொருள் சிக்கனத்தை முதல் கவலையாக்கியது. 1978 மாடல்களில் கிரைஸ்லர் கன்வெர்ட்டரை இரும்போடு இரும்பாகப் பூட்டும் கிளட்சைச் சேர்த்தது. பேக்கார்டு 1949-லேயே செய்திருந்த வேலை அது. பூட்டிய கன்வெர்ட்டரில் வழுக்கல் இல்லை என்பதால் இறக்கத்திலும் பிடிப்பு கூடியது. ஆனால் கூடவே வந்த ஓவர்டிரைவ் என்ற நான்காவது கியர் மறுபக்கம் இழுத்தது. இன்ஜினை மிக மெதுவாகச் சுழலவிடும் அந்தக் கியரில் பிடிப்பு மிகக் குறைவு. 1980-களின் ஜப்பானிய, அமெரிக்கக் கார்களின் லிவர் தலையில் ஓவர்டிரைவை விலக்கும் சிறு பொத்தான் அதனால்தான் வந்தது.

கணினி வந்த பிறகே பெட்டிக்குச் சரிவு தெரிய ஆரம்பித்தது. இன்ன வேகத்தில், பெடல் இவ்வளவு அழுத்தப்பட்டிருந்தால், சமதளத்தில் கார் எவ்வளவு முடுக வேண்டும் என்பது கணினிக்குத் தெரியும். உண்மையில் முடுகுவது அதைவிடக் குறைந்தால் ஏற்றம், மிகுந்தால் இறக்கம். பெடல் விடுபட்டும் வேகம் ஏறுகிறது, ஓட்டுநர் பிரேக்கைத் தொடுகிறார் என்றால் அவர் இறக்கத்தில் வேகத்தைக் குறைக்க விரும்புகிறார் என்று முடிவுகட்டி, பெட்டி கீழ்க் கியருக்கு மாறும். மிட்சுபிஷி 1992-இல் கலன்ட் காரில் இதற்கு, தோராய மதிப்புகளைக் கொண்டு முடிவெடுக்கும் ஃபஸ்ஸி தர்க்கத்தைப் பயன்படுத்தியது. ஹோண்டா தன் ஏற்ற இறக்கத் தர்க்கத்தைப் பல மாடல்களில் பரப்பியது. டொயோட்டா 1998-இல் ப்ரோக்ரெஸ் காரில் பெட்டியை வழிகாட்டும் வரைபடத்தோடு இணைத்து, வரப்போகும் வளைவை முன்கூட்டியே அறியச் செய்தது. 2013-இல் ரோல்ஸ் ராய்ஸ் ரெய்த் அதையே செயற்கைக்கோள் உதவியோடு செய்தது. லேண்ட் ரோவர் 1997-இல் ஃப்ரீலேண்டரில் கொண்டுவந்த இறக்கக் கட்டுப்பாடு இன்னொரு வழி: ஏ.பி.எஸ். அமைப்பைக்கொண்டு ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியே தட்டி வேகத்தைக் காப்பது. கரடுமுரடான குறுகிய சரிவுகளுக்கு அது ஏற்றது. நீண்ட மலைச்சாலையில் வெப்பம் மறுபடியும் பிரேக்கிலேயே சேரும் என்பது அதன் எல்லை.

1997-இல் வந்த டொயோட்டா பிரியஸில் 'டி'-க்கு அடுத்து 'பி' (பிரேக்கைக் குறிக்கும் B) என்று ஒரு நிலை உண்டு. இறக்கத்தின் ஆற்றலை மோட்டார் மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கும். பேட்டரி நிறைந்துவிட்டால் போக இடமில்லை. அப்போது 'பி' நிலையில் இன்ஜினை எரிபொருளில்லாமல் வேகமாகச் சுழற்றி ஆற்றலைக் கழிக்கிறது. முழுதும் மின்சாரத்தில் ஓடும் கார்களுக்கும் இந்த எல்லை உண்டு. மலையுச்சியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கும் காரில் மோட்டாரின் பிடிப்பு முதலில் வெகுவாகக் குறைந்திருக்கும்.

ஃப்ரீவீலும் திரும்பி வந்தது. போர்ஷே 2011-இல் 911 காரின் இரட்டைக் கிளட்ச் பெட்டியில், காலை எடுத்தால் இன்ஜினைப் பிரித்து உருளவிடும் வசதியைச் சேர்த்தது. 1930-இல் கைக்குமிழ் செய்த பூட்டும் வேலையைக் கணினி ஏற்றது. பிரேக்கைத் தொட்டாலோ இறக்கம் செங்குத்தானாலோ கிளட்ச் மறுபடி சேர்ந்துவிடும். அந்தப் பழைய யோசனையை மீட்டது இந்த ஒரு மாற்றம்தான்.

இந்தியாவில் ஆட்டோமேட்டிக் நெடுங்காலம் விலையுயர்ந்த கார்களோடு நின்றது. 2014-இல் மாருதி சுசுகி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. அதை நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொண்டுவந்தது. இதில் டார்க் கன்வெர்ட்டர் இல்லை. சாதாரண கியர்பெட்டியும் சாதாரண கிளட்சும்தான். அவற்றை மனிதனுக்குப் பதில் இயந்திரக் கை இயக்குகிறது. கிளட்ச் பிடித்திருக்கும்வரை இன்ஜினின் பிடிப்பு கிளட்ச் வண்டியைப் போலவே உறுதியானது. ஆனால் வேகம் மிகக் குறைந்து இன்ஜின் நின்றுவிடும் நிலைக்கு வரும்போது பெட்டி கிளட்சைத் திறந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் ஊர்ந்து இறங்கும்போது சட்டென்று கார் விடுபட்டதுபோல் முன்னோக்கி ஓடுவது இதனால்தான். மேல் கியருக்குத் தாவும் பழைய வழக்கமும் இதில் உண்டு.

உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பிரேக் செயலிழந்து நேர்ந்த விபத்துகளைத் தொடர்ந்து வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கத் தடை விதிக்கப்பட்டது. கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளிலும் ஆண்டுதோறும் இறங்கும் ஆட்டோமேட்டிக் கார்கள் பெருகிவருகின்றன. அவற்றை ஓட்டுவோர் இறக்கம் தொடங்கும் முன்பே லிவரை 'எம்', 'எல்', '2' என்று தங்கள் காரில் உள்ள நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இன்ஜின் சத்தம் உயர்வது கண்டு அஞ்ச வேண்டாம். டாக்கோமீட்டரின் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அந்தச் சத்தம் இன்ஜினுக்குக் கேடல்ல. பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிட வேண்டும். கருகிய வாசனை வந்தால் ஒதுங்கி நிறுத்தி ஆறவிட வேண்டும். நியூட்ரலில் மட்டும் ஒருபோதும் இறங்கக் கூடாது.